பதம் தப்பிய எண்ணெய்

குவாதலஹாரா,
பிப்ரவரி 18

என் அருமை அக்கா அம்பாரோவுக்கு,

தங்கை நெரெய்தா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். என்னோடு கொப்பரை துழாவித் துழாவி சோய்லாவுக்கு வந்த இடுப்பு வலிதான் குளிர் போன பிறகும் போகவில்லை. உன் இருமல் விட்டதா? ருதிலியோ அத்தான் எப்படி இருக்கிறார்? மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

குசலம் முடிந்தது. இனி சண்டை. போன வாரம் ஃபிதென்சியோ லாரியிலிருந்து இறக்கிய டிரம்மில் எதை ஊற்றி அனுப்பினீர்கள்?

ஐந்து வருடமாக என் செய்முறை மாறவில்லை. எண்ணெயும் மெழுகும் ஒரு கொப்பரையில், தண்ணீர் இன்னொன்றில். இரண்டையும் ஒரே சூட்டில் சேர்த்து, ஆறுகிறவரை துழாவுகிறேன். ஆறிய பிறகு ஜாடியைக் கவிழ்த்தாலும் கிரீம் விழாது. விரல் பட்டால் இளகும், தேய்த்தால் ஓடும், விரலை எடுத்தால் அப்படியே நின்றுவிடும். "சோம்பேறி கிரீம்" என்று அத்தான் கேலி செய்வாரே, அந்தச் சோம்பலுக்காகத்தான் என்னிடம் வருகிறார்கள். சாய்த்து வைத்த கண்ணாடியில் ஒரு கரண்டி வைத்தால், நான் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விரற்கடைதான் நகரும். இந்தத் தடவை நான் "அருள்" என்று வாயெடுப்பதற்குள் அடிவரை ஓடி மேசையில் சொட்டிவிட்டது. சோளக் கஞ்சி தோற்றது போ.

மெழுகைக் கூட்டிப் பார்த்தேன். கெட்டிப்பட்டது, ஆனால் மெழுகுவர்த்தியைத் தோலில் இழுத்த மாதிரி இருந்தது. ஆமணக்கெண்ணெய் கொஞ்சம் சேர்த்தேன். ஓட்டம் நின்றது, பிசுக்கு வந்தது. உங்கள் எண்ணெய்க்கு இருந்த கனமும் வழுவழுப்பும் வேறு எதைச் சேர்த்தாலும் வரவில்லை.

சோய்லா என்ன சொல்கிறாள் தெரியுமா? "உங்க அத்தான் எவளையோ பார்த்துக்கிட்டு அவகாடோக் கூழை மறந்துட்டாரு." இல்லையென்றால் வழக்கம்போல் உன் கடிதத்தின் அடியில் அவரையே ஒரு வரி எழுதச் சொல். புனித வாரத்துக்கு வருகிறேன். இலையில் பொதிந்து சோள மாவுக் கொருந்தா அவித்து வை. போன தடவை போல் கஞ்சத்தனம் பண்ணாதே.

உன் வாயாடித் தங்கை,
நெரெய்தா

*

சான் பெலாயோ,
மார்ச் 6

அன்புள்ள நெரெய்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நலம். நீயும் சோய்லாவும் நலமாக இருப்பது பற்றிச் சந்தோஷம்.

அவகாடோவை முற்றுவதற்கு முன்பே பறித்துவிட்டோம். அதனால்தான் எண்ணெய் அப்படி. அடுத்த டிரம் சரியாக இருக்கும். ருதிலியோ நலம். மணிக்கட்டில் சுளுக்கு, அதனால் எழுதவில்லை. உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

புனித வாரத்துக்கு வர வேண்டாம். மலைப்பாதையைச் செப்பனிடுகிறார்கள். ஃபிதென்சியோ வேலையை விட்டுவிட்டார். இனி டிரம்மோடு வேறு ஆள் வருவான். அவனோடு பேச வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அம்பாரோ

*

குவாதலஹாரா,
மார்ச் 20

ருதிலியோ அத்தானுக்கு,

உங்கள் மணிக்கட்டு குணமாகட்டும். இதைப் படிக்கக் கண் போதும்.

இரண்டாவது டிரம் வந்தது. முதலாவதைவிட மோசம். ஒரு குப்பி எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்தேன். உங்கள் எண்ணெய் அரை நாளில் கலங்கி, பாதி உறைந்து நிற்கும். இது தண்ணீர் மாதிரி தெளிவாக ஆடுகிறது. பழைய டிரம்மில் மிச்சமிருந்ததை விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது பாசிக்குளம், இது வைக்கோல் தண்ணீர். இதில் போட்ட கிரீம் ஒரே வாரத்தில் இரண்டாகப் பிரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாக நிற்கிறது. மூடியைத் திறந்தால் பெயிண்ட் நாற்றம். தையல்காரி ஒபுலியா ஜாடியைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்து, "இதை உங்க மூஞ்சியில பூசிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சோய்லாவின் உள்ளங்கையெல்லாம் தடிப்பு.

சோயா கலக்கிறீர்கள். பாதிக்கு மேல் சோயா. எனக்குத் தெரியாமல் போகும் என்று நினைத்தீர்களா? எண்ணெய் மாறினால் கிரீம் முதலில் என்னிடம்தான் வந்து சொல்லும்.

திருடுவதென்றால் திருடுங்கள். என் அக்காவைப் பொய் எழுத வைக்காதீர்கள். பிறந்ததிலிருந்து அவள் எனக்கு நாலு பக்கத்துக்குக் குறைந்து எழுதியதில்லை. இப்போது அரைப் பக்கம். கஞ்சத்தனம் என்று நான் சீண்டினேன், அதற்கு ஒரு வசவுகூட இல்லை. அவளை அடிக்கிறீர்களா? அடித்தால் நான் நேரில் வந்து உங்கள் மணிக்கட்டை நிஜமாகவே சுளுக்குவேன்.

நீங்களே பதில் எழுத வேண்டும். உங்கள் கையால்.

நெரெய்தா

*

சான் பெலாயோ,
ஏப்ரல் 2

பெருமதிப்பிற்குரிய செல்வி நெரெய்தா எகீவா அவர்களின் சமூகத்துக்கு,

தாங்கள் நல்ல ஆரோக்கியத்தோடும் தங்கள் தொழில் செழிப்போடும் இருக்க இறைவனை வேண்டி இதைத் தொடங்குகிறேன்.

நாம் சந்தித்ததில்லை. என் பெயர் எலிசேயோ சந்தோயோ. தங்கள் அத்தானின் புதிய கூட்டாளி. அவர் எழுத இயலாத நிலையில் இருப்பதால் நான் எழுதுகிறேன். பதினோரு வருடம் நான்காம் வகுப்பு ஆசிரியராக இருந்தவன். பழக்கம் விடவில்லை. தங்கள் கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழைகள். சிவப்பில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பாக எண்ண வேண்டாம்.

எண்ணெயில் சோயா இருப்பதைக் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம். கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கை தூக்காமல் பேசுகிற பிள்ளையை எந்த வகுப்பிலும் நான் அனுமதித்ததில்லை. மாதம் இரண்டு டிரம் வரும். தாங்கள் வாங்கிக்கொள்வீர்கள். யாரிடமும் இதைப் பற்றிப் பேச மாட்டீர்கள்.

பச்சைக் கதவு, பக்கத்தில் டயர் கடை, வாசலில் ஜகரந்தா மரம். நல்ல இடத்தில் தொழிற்கூடம் வைத்திருக்கிறீர்கள். சோய்லா அம்மாள் தினமும் ஏழு மணிப் பூசைக்குத் தனியாக நடந்து போவது பாராட்டத்தக்க பக்தி.

தங்கள் அக்கா நலம். அவர் சமையலில் எனக்கு உடம்பு போட்டுவிட்டது.

என்றும் தங்கள் நலம் நாடும்,
எலிசேயோ சந்தோயோ

*

(ஏப்ரல் டிரம்முக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டியிருந்தது. தேதி இல்லை.)

நெரெய்தா,

குசலம் எழுத இடமில்லை. சாக்குக் காகிதத்தில் எழுதுகிறேன். உறையைப் பிரித்துப் படிக்கிறார்கள், டிரம்முக்குள் கை விடுவதில்லை. நீ எண்ணெயை ஊற்றும்போது இது விழ வேண்டும். விழுந்ததும் படித்துவிட்டு எரித்துவிடு.

ருதிலியோ இல்லை. ஜனவரி பதினாலாம் தேதியிலிருந்து இல்லை.

மத்தியானம். ஆலையில் ஏழு பேர் இருந்தோம். மூன்று வண்டிகள் வந்தன. எலிசேயோ இறங்கி ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தான். பிறகு சொன்னான்: "ருதிலியோ, இனிமே இந்த ஆலை நமக்கு ரெண்டு பேருக்கும். டேங்கர்ல சோயா வரும். கலக்குறது நீ. டிரம்மு மேல உன் பேருதான்."

இவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேரை வேணா எடுத்துக்கிட்டுப் போ, வாத்தியாரே. எண்ணெயைத் தொடாத."

எலிசேயோ சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் இவர் வாயில் இடித்தான். பல் கூழ்த் தொட்டிக்குள் விழுந்தது. இவர் எழுந்தார். மறுபடி இடித்தான். மறுபடி எழுந்தார். நான் துழாவுகிற துடுப்பை எடுத்து ஒருவன் தலையில் போட்டேன். காது பிய்ந்து தொங்கியது. அவன் என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி நின்றான். அங்கிருந்து எனக்கு இவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டு கால்களும் வண்டிவரை தரையில் இழுபட்டன.

மலைக்குப் போன வண்டி அரை மணியில் திரும்பியது. நடுவில் இரண்டு வெடிச் சத்தம். திரும்பியபோது இவர் அதில் இல்லை. மூன்றாம் நாள் அவர்களில் ஒருவன் இவருடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு அளவு பெரிது. துணி அடைத்துக்கொண்டு நடக்கிறான்.

ஃபிதென்சியோ வேலையை விடவில்லை. முதல் டிரம்முக்குப் பிறகு இனி கள்ள எண்ணெய் ஏற்ற மாட்டேன் என்றார். லாரிக்குள் வைத்துப் பூட்டி எரித்தார்கள். ஊரே நின்று பார்க்க வேண்டும் என்று மணியடித்துக் கூப்பிட்டார்கள். நானும் பார்த்தேன்.

புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்ட அதிகாரி அன்று சாயங்காலமே என் சமையலறையில் உட்கார்ந்து அதை எலிசேயோவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

என்னை ஏன் விட்டு வைத்திருக்கிறான் என்று கேட்பாய். கூழை எத்தனை சூட்டில் எத்தனை நேரம் துழாவினால் எண்ணெய் பிரியும் என்று இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சூடு தவறினால் பழம் அத்தனையும் பச்சைச் சேறு. உனக்கு எழுதிய அந்த அரைப் பக்கத்தை மூன்று தடவை எழுத வைத்தான். சிவப்புப் பென்சிலோடு எதிரே உட்கார்ந்திருந்தான்.

வராதே. இதற்குப் பதில் எழுதாதே. வருகிற எண்ணெயைச் சாக்கடையில் ஊற்று.

இவர் செத்ததைத் தாங்குகிறேன். எங்கே போட்டார்கள் என்று தெரியாததுதான் முடியவில்லை. தினமும் ஒரு மரத்தடியைப் பார்த்து, இங்கேயாக இருக்குமோ என்று நின்றுவிடுகிறேன். வேலை கெடுகிறது என்று திட்டுகிறார்கள்.

அம்பாரோ

*

குவாதலஹாரா,
ஏப்ரல் 30

மதிப்புக்குரிய ஆசிரியர் எலிசேயோ சந்தோயோ அவர்களுக்கு,

தங்கள் உடல்நலத்துக்கு என் பிரார்த்தனைகள். திருத்தி அனுப்பிய கடிதம் வந்தது. மூன்றும் பிழைகள்தான். நன்றி.

போன தடவை கோபத்தில் எழுதிவிட்டேன். சோயா கலப்பதில் எனக்குத் தகராறு இல்லை. பதம் தெரியாமல் கலப்பதால்தான் கெடுகிறது. தங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அவகாடோ எண்ணெய் கனம். கிரீமுக்குள் அதன் துளிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். சோயா லேசு. துளிகள் வழுக்கிக்கொண்டு ஓடி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, மேலே மிதந்துவிடும். மெழுகின் அளவையும் கொப்பரைச் சூட்டையும் மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு சோயாவைக்கூட ஒளித்துவிடலாம். விரல் வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடற்கரை ஓட்டல்காரர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். மாதம் இரண்டு டிரம் போதாது, பத்து வேண்டியிருக்கும். ஆனால் ஆலையில் கூழ் எந்தச் சூட்டில் நின்றது என்பதைப் பொறுத்து எண்ணெயின் கனம் மாறும். அதைப் பொறுத்து என் மெழுகு மாறும். காகிதத்தில் எழுதித் தீராது. எண்ணெய் எடுப்பவரும் கிரீம் கிளறுபவரும் ஒரே கொப்பரைக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது நின்றால் முடிந்துவிடும்.

என் அக்காவை அனுப்பி வையுங்கள். தாங்களும் கூட வந்தால் நல்லது. அவள் எதையும் குறித்துக்கொள்ள மாட்டாள். குறித்துக்கொள்ளப் பழகிய ஒருவர் வேண்டும்.

அவளிடம் சுத்தமான ஏப்ரன் எடுத்து வரச் சொல்லவும்.

பணிவுடன்,
நெரெய்தா எகீவா

*

சான் பெலாயோ,
மே 9

செல்வி நெரெய்தா அவர்களுக்கு,

நலம் விழைகிறேன். இம்முறை ஒரே ஒரு பிழை. முன்னேற்றம் கண்டு மகிழ்ச்சி.

மே 21, காலை பதினோரு மணிக்கு வருகிறோம். குறிப்பேடு கொண்டு வருகிறேன். தங்கள் அக்கா என் பார்வையைவிட்டு நகர்ந்ததில்லை, நகரவும் மாட்டார். தாங்கள் கெட்டிக்காரர் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எலிசேயோ சந்தோயோ

*

புவெப்லா,
மே 29

என் கண்ணே நெரெய்தா,

இந்தக் கடிதம் உன்னை உயிரோடு கண்டடைய வேண்டும் என்று மாதாவிடம் மண்டியிட்டுவிட்டு எழுதுகிறேன். சோய்லா தந்த முகவரியில்தான் இருக்கிறேன். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை நல்லவள். சோள ரொட்டிக் கடை. காலையிலிருந்து மாவு பிசைகிறேன். சாப்பிடுகிறேன்.

அன்றைக்கு நீ என்னைப் பார்த்து ஒரு வார்த்தை அன்பாகப் பேசவில்லை. கொப்பரை சூடேறிக்கொண்டிருந்தது. நான் கிட்டே வந்ததும், "இந்த ஏப்ரனோட இங்க நிக்காத! பன்னித் தொழுவம் மாதிரி நாறுது. போ, உள்ள போய் மாத்திட்டு வா!" என்று கத்தினாய். எலிசேயோகூடச் சிரித்தான். நான் நிஜமென்றே நினைத்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு பார்க்கிற தங்கை இப்படிப் பேசுகிறாளே என்று கண்ணீரோடுதான் உள்ளே போனேன்.

உள்ளே சோய்லா ஒரு பையை என் மார்பில் அழுத்தினாள். "அழுகையை பஸ்ல வச்சிக்கலாம், ஓடுங்க" என்றாள். பின்சுவரில் இரண்டு வரிசைக் கல்லை எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பக்கம் டயர் கடைக் கொல்லை. வாடகை வண்டி நின்றது. நான் சுவரில் நுழையும்போது உன் குரல் கேட்டது. மெழுகைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். அத்தனை நிதானமாக.

டயர் கடைக் கதவைத் திறந்து வண்டி தெருவுக்கு வரச் சில நிமிடமானது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. டயர் கடை இரும்புச் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் போன பிறகு என்ன நடந்தது? உடனே எழுது. எல்லாவற்றையும் எழுது.

அக்கா

*

குவாதலஹாரா,
ஜூன் 15

என் அருமை அக்காவுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நான் நலம். சோய்லா நலம்.

இங்கே ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. நீ இல்லையென்று தெரிந்ததும் அவன் கத்தினான். இரண்டு அலமாரி ஜாடிகளை உடைத்தான். எங்கே என்று கேட்டான். டிஜுவானாவுக்குப் போய் எல்லையைத் தாண்டப் போகிறாய் என்று சொன்னேன். நம்பிவிட்டான். வடக்கே போய்த் தேடிக்கொண்டிருக்கிறான். அலைந்து திரியட்டும்.

வெயில் அதிகம் என்பதால் தொழிற்கூடத்துக்குக் கொஞ்ச நாள் விடுமுறை விட்டிருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன். நீ மாவு பிசைகிறாய் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. உன் ரொட்டியைச் சாப்பிடுகிறவர்கள் பாவம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் வாயாடி,
நெரெய்தா

*

புவெப்லா,
ஜூன் 28

நெரெய்தா,

இது உன் கையெழுத்து இல்லை.

வார்த்தை உன்னுடையது, கேலி உன்னுடையது, எழுத்து உன்னுடையது இல்லை. "நலம்" என்று எழுதியது யாருடைய கை? நானும் அந்த வார்த்தையை எழுதியவள்தான். எதிரே சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு எழுதியவள். என்னிடமே அந்த வேலையைக் காட்டாதே.

உன் கையால் ஒரே ஒரு வரி எழுது.

அம்பாரோ

*

குவாதலஹாரா,
ஜூலை 7

மதிப்புள்ள அம்பாரோ அம்மாவுக்கு,

சோய்லா எழுதுவது. தாங்கள் நலமா? நெரெய்தாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போன கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியதும் நான்தான். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். இதைச் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய பாவம் என்று படுகிறது.

தாங்கள் போன பிறகு நான் மெழுகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சில நிமிடம் அவனைப் பிடித்து வைத்தார். எண்ணெயைக் கரண்டியில் எடுத்து எடுத்து விட்டு, "இந்த ஒழுக்கைப் பாருங்க, இதை எழுதிக்கங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவனும் எழுதினான். திடீரென்று நோட்டை மூடினான். உள்ளே வந்து பார்த்தான். சுவரைப் பார்த்தான். திரும்பிப் போய்க் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். சட்டைக் கையை மடித்தான்.

"எங்க அவ?"

"ஏப்ரன் மாத்துறா."

"நெரெய்தா, வாத்தியார் கேக்கிறேன்."

அவர் கரண்டியால் துழாவிக்கொண்டே இருந்தார். அவன் அவருடைய வலக்கையைப் பிடித்து மணிக்கட்டுவரை கொப்பரைக்குள் அமுக்கினான். எண்ணெயும் மெழுகும் உருகி எண்பது டிகிரியில் இருந்தது, அம்மா. அந்த அலறலைத்தான் தாங்கள் இரும்புச் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே எடுத்ததும் மெழுகு ஆறித் தோலோடு இறுகிப்போனது. அவன் மறுபடி கேட்டான். அவர் சொல்லவில்லை. இடக்கையையும் பிடித்து அமுக்கினான். அப்போதுதான் டிஜுவானா என்று கத்தினார்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா கிரீம் பூசிக்க ஒரு கையாவது மிஞ்சியிருக்கும்" என்று சொல்லி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் நான் அவரைத் திட்டினேன். "அந்தப் பொய்யை முதல் கையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றேன். அவர் சொன்னார்: "முதல் கையில சொன்னா நம்பியிருக்க மாட்டான் சோய்லா. அதுக்குத்தான் ரெண்டாவதையும் குடுத்தேன்."

வலக்கையில் மூன்று விரல் ஒட்டிக்கொண்டுவிட்டன. இடக்கை அசைகிறது, ஆனால் தொட்டது சூடா குளிரா என்று தெரியவில்லை. நேற்று ஒரு பழைய ஜாடியைத் திறந்து, விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இளகுதா, நிக்குதா, நீ சொல்லு" என்று என்னிடம் கேட்டார்.

மூட்டைக்குப் பின்னால் நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

சோய்லா

*

சான் பெலாயோ,
ஆகஸ்ட் 19

என் தங்கை நெரெய்தாவுக்கு,

ஏழு வாரமாக நான் எழுதவில்லை என்று பயந்திருப்பாய். உயிரோடு இருக்கிறேன். தோளில் ஒரு வெட்டு, ஆறி வருகிறது. சோய்லாவைக் கோபிக்காதே. அவள் எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

அந்தக் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். மாவுக் கையோடு பேருந்தில் ஏறினேன். ஊருக்குள் போகவில்லை. கீழ்ச்சரிவில் எபிதாசியா வீட்டில் தங்கினேன். பழம் பறிக்கிறவள், அவளுடைய இரண்டு மகன்களையும் போன வருடமே கொண்டுபோனார்கள். அவள் ஒருத்தியைக் கூட்டி வந்தாள். அவள் இன்னொருத்தியை. கடைசியில் பதினோரு வீட்டுப் பெண்கள் அந்தச் சமையலறையில் நின்றோம். யாருக்கும் கூட்டம் போட்டுப் பேசத் தெரியாது. எபிதாசியாதான் சொன்னாள்: "நம்ம ஆம்பளைங்க எங்கன்னு அவனுக்குத்தான் தெரியும். அவன் வாய் வேணும். மத்தது அப்புறம்."

எலிசேயோ வடக்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு போனோம். பழம் பறிக்கிற கொக்கிக் கழிகள், கல், திருவிழாவுக்கு வாங்கி வைத்த வெடிகள். ஆலை வாசலில் நாலு பேர் காவல். வெடியைக் கொளுத்தி அவர்கள் காலடியில் வீசினோம். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மூன்றாமவன் சுட்டான். எபிதாசியா என் பக்கத்திலேயே விழுந்தாள். கழுத்து. அவளைத் தாண்டிக்கொண்டு போனோம் நெரெய்தா, யாரும் குனியக்கூட இல்லை. சுட்டவனின் தொண்டையில் கழிக் கொக்கியை மாட்டி இழுத்தவள் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். நாலாவது ஆள் கத்தியோடு என்மேல் பாய்ந்தான். தோள் அதுதான். அவனைக் கல்லால் அடித்துப் போட்டார்கள். அவன் காலில் ருதிலியோவின் பூட்ஸ். நான் கழற்றவில்லை.

எலிசேயோ என் சமையலறையில், என் மேசையில், என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து எழுந்து ஒவ்வொருத்திக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைத்தான்.

"அம்பாரோ, இது முறையில்ல. என்ன வேணுமோ கேட்டு வாங்கிக்கலாமே" என்றான்.

"அதுக்குத்தான் வந்திருக்கோம் வாத்தியாரே."

கூழ்த் தொட்டிக் கம்பத்தில் கட்டினோம். நான் அடுப்பை மூட்டி, அவன் கலந்து வைத்திருந்த எண்ணெயையே சட்டியில் காய்ச்சினேன். அவன்தான் பேசிக்கொண்டே இருந்தான். சட்டத்தைப் பற்றி, கடவுளைப் பற்றி, அவனிடம் படித்த எங்கள் பிள்ளைகளைப் பற்றி.

"எங்க போட்ட?" என்று கேட்டேன். "யாரைச் சொல்ற?" என்றான்.

வலக்கையை அவிழ்த்துச் சட்டிக்குள் வைத்தேன். நான்தான் வைத்தேன். வேறு யாரையும் பிடிக்க விடவில்லை.

முதல் கையிலேயே சொல்லிவிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னான். யார், எந்த நாள், எந்த ஓடைச் சரிவு. கேட்காத பெயர்களையும் சொன்னான். உன்னை நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கையை நான் தொடவில்லை. தொட வேண்டும் என்றுதான் இருந்தது.

பிறகு அவனை வெளியே கொண்டுபோனார்கள். வெளியே நடந்ததை எழுத மாட்டேன். நான் உள்ளேயே நின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நானும் போனேன்.

ஓடைச் சரிவில் மூன்று நாள் தோண்டினோம். பதினாலு பேர். ஊரில் இல்லாதவர்கள்கூட இருந்தார்கள், எங்கிருந்தோ கொண்டுவந்தவர்கள். இவரைச் சட்டையை வைத்து அடையாளம் கண்டேன். காலர் கிழிந்ததைத் திருப்பி வைத்து நான்தான் தைத்திருந்தேன். தலையில் இரண்டு ஓட்டை. கைகள் கம்பியால் பின்னால் கட்டியிருந்தன. அந்தக் கம்பியை நானே அறுத்தேன். நேரம் பிடித்தது. முறுக்கி முறுக்கிக் கட்டியிருந்தான்.

வெள்ளிக்கிழமை அத்தனை பேரையும், எபிதாசியாவையும் சேர்த்து, ஒரே பூசையில் கல்லறையில் வைத்தோம். பெயர் தெரியாதவர்களுக்குச் சொந்தமாக, தோண்டிய பெண்கள் ஆளுக்கு ஒருவர் முன்னால் நின்றார்கள். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கால் வலிதான் தெரிந்தது, அப்புறம் பசித்தது.

ஆலைக்கு மூன்று வீட்டுக்காரிகள் சேர்ந்து பொறுப்பெடுத்திருக்கிறார்கள். கூழின் சூட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஊர் எல்லையில் முறை வைத்துக் காவல் நிற்கிறோம். அவனுடைய ஆட்கள் திரும்பி வரலாம். வராமலும் போகலாம்.

வியாழக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நீ அடுப்புப் பக்கம் போக வேண்டாம், நான் கிளறுகிறேன். எண்ணெய்க்கு எத்தனை மெழுகு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லு. தப்பாகக் கிளறினால் பன்றித் தொழுவம் என்று திட்டு. உன் கைகளை நான் பார்க்க வேண்டும். கட்டுக்குள் மறைத்து வைக்காதே. என் கைகளையும் நீ பார்க்கத்தான் வேண்டும். அவை என்ன செய்தன என்று தெரிந்துகொண்டு பார்.

நான் தட்டும்போது சோய்லாவை அனுப்பாதே. தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளியாவது நீயே திற.

உன் அக்கா,
அம்பாரோ